படைப்பெழுத்தில் வடிவங்களை உயிர்ப்போடு எழுதுவது எப்படி

புதிதாக எழுதத் தொடங்குகிறவர்களின் முதல் வரைவுகளைப் படிக்கும்போது ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. நிறத்தைச் சொல்ல அவர்களிடம் இருபது சொற்கள் இருக்கின்றன. மணத்தையும் ஒலியையும் சொல்ல முயன்றுபார்க்கிறார்கள். வடிவம் என்று வந்ததும் 'வட்டமான', 'நீளமான', 'சதுரமான', 'வளைவான' என்ற நான்கைந்து சொற்களோடு கை நின்றுவிடுகிறது. இதற்கு மொழியின் வறுமை காரணமாகாது. தமிழில் வடிவம் பெரும்பாலும் வினைச்சொற்களுக்குள் இருக்கிறது என்பதால், நாம் அவற்றை வடிவத்தைச் சொல்லும் சொற்கள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். குவிதல், கூம்புதல், சரிதல், ஒடுங்குதல், புடைத்தல், பிதுங்குதல், திரளுதல், சுருளுதல், மடங்குதல், கவிழ்தல், குழிதல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு நிகழ்ச்சி. அந்த நிகழ்ச்சி முடிந்த இடத்தில் ஒரு வடிவம் மிஞ்சுகிறது.

இக்கட்டுரை சொல்ல வருவதும் அதுதான். ஒரு பொருளின் வடிவம் அதற்கு நேர்ந்தவற்றின் மிச்சம். நேர்ந்ததை எழுதினால், வடிவத்தை வாசகரே தம் மனத்தில் வரைந்துகொள்வார்.

எழுதுமுன் பார்த்தல்

வடிவங்களைப் பற்றி நாம் அறிந்ததாக நினைப்பவற்றில் பல, பார்த்து அறிந்தவை அல்ல; படங்களில் கண்டு பழகியவை. மழைத்துளியை வரையச் சொன்னால் ஏறக்குறைய எல்லோரும் மேலே கூர்முனையும் கீழே உருண்ட வயிறுமாக வரைவார்கள். காற்றில் விழும் துளிக்கு அப்படியொரு முனை கிடையாது. சிறிய துளிகள் ஏறத்தாழக் கோளமாக இருக்கின்றன. பெரிய துளிகள் எதிர்க்காற்றின் அழுத்தத்தால் அடிப்பக்கம் தட்டையாகி, மேற்பக்கம் மட்டும் உப்பி நிற்கின்றன. குழாயின் வாயிலோ இலையின் நுனியிலோ தொங்கும் நீர் பிரிந்து விழப்போகும் நொடியில்தான் கழுத்து ஒடுங்கி அந்த முனை தோன்றுகிறது. அந்த நொடியை நின்று பார்த்தவர் 'துளி' என்று எழுதும்போது, அதில் ஓர் ஒடுக்கமும் ஓர் அறுபடலும் சேர்ந்துவிடும்.

பிறைநிலவும் அப்படித்தான். இரண்டு வட்ட வில்களைச் சேர்த்து வைத்தாற்போல அதை எண்ணிக்கொள்கிறோம். அதன் வெளிவிளிம்புதான் அரைவட்டம், உள்விளிம்பு அரைநீள்வட்டம். கொம்புகள் இரண்டும் கதிரவன் இருக்கும் திசைக்கு எதிர்ப்புறமாக நீண்டிருக்கும். இந்தக் கணக்கையெல்லாம் கதையில் எழுத வேண்டியதில்லை. ஆயினும் அறிந்து எழுதும் ஒருவரின் மாலைக் காட்சியில் பிறையின் வயிறு, சூரியன் மறைந்த பக்கத்தைப் பார்த்தே இருக்கும்; அறியாதவரின் பிறை தப்பான பக்கம் திரும்பி நின்று, கூர்ந்து படிக்கும் வாசகரின் நம்பிக்கையைக் கெடுத்துவிடும்.

பார்ப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பொருளை எடுத்துவைத்துக்கொண்டு, அதன் பெயரை மனத்திலிருந்து தள்ளிவைத்துவிட்டு, விளிம்பை மட்டும் பின்தொடருங்கள். எங்கே திரும்புகிறது, எங்கே தயங்குகிறது, எந்த மூலை மழுங்கியிருக்கிறது, எந்த ஓரத்தில் பிசிறு நிற்கிறது என்று கண்ணாலேயே தடவிச் செல்லுங்கள். பொருள்களின் வாழ்க்கை விளிம்புகளில்தான் முதலில் எழுதப்படுகிறது. புத்தம்புதிய புத்தகத்துக்கும் பலமுறை படித்த புத்தகத்துக்கும் நடுப்பக்கத்தில் பெரிய வேறுபாடு இராது. அட்டையின் மூலைகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். பொருளைப் பார்த்தபின் அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தையும் பாருங்கள். ஓவியம் பயில்பவர்கள் நாற்காலியை வரைவதற்கு அதன் கால்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளை வரைந்து பழகுவார்கள். எழுத்திலும் இடுக்கு, பொந்து, பிளவு, சந்து என்பவை வடிவங்களே.

வினையைத் தேர்ந்தெடுத்தல்

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இலக்கணமே ஒரு கொடை தந்திருக்கிறது. வடிவத்தைச் சொல்லும் வினைகள் பலவற்றுக்குத் தன்வினை, பிறவினை என இரு முகங்கள் உண்டு: சுருண்ட – சுருட்டிய, குவிந்த – குவித்த, மடங்கிய – மடக்கிய, திரண்ட – திரட்டிய, நிமிர்ந்த – நிமிர்த்திய, பரந்த – பரப்பிய. வடிவம் இரண்டிலும் ஒன்றே, கதை வேறு. 'அறையின் நடுவே நாற்காலி கவிழ்ந்து கிடந்தது' என்று எழுதினால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. யாரோ அவசரமாக எழுந்திருக்கிறார்கள், அல்லது கைகலப்பு நேர்ந்திருக்கிறது. 'அறையின் நடுவே நாற்காலியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்' என்றால் தரையைத் துடைக்கிறார்கள், அல்லது வீட்டைக் காலி செய்கிறார்கள். நான்கு கால்களும் மேலே நீட்டி நிற்கும் அதே வடிவம், ஒரெழுத்து வேறுபாட்டில் அச்சத்தையும் தருகிறது, அன்றாடத்தையும் தருகிறது. பெயரடைகளை அடுக்கிக்கொண்டே போனாலும் இந்தக் காரியத்தைச் செய்ய முடியாது.

முதல் வினையைப் போலவே அதைத் தொடர்ந்து வரும் துணைவினையும் கவனத்துக்குரியது. கம்பி வளைந்து கிடக்கலாம், வளைந்து நிற்கலாம், வளைந்து தொங்கலாம், வளைந்து போயிருக்கலாம், வளைந்து கொடுக்கலாம். 'கிடந்தது' என்றவுடன் அது தரையோடு படிகிறது. 'நின்றது' என்றவுடன் உயர்கிறது. 'தொங்கியது' என்றவுடன் எடை வருகிறது. 'போயிருந்தது' என்பதில் ஓர் இழப்பு ஒட்டிக்கொள்கிறது. இவற்றையெல்லாம் 'வளைந்து இருந்தது' என்று ஒரே வாய்பாட்டில் எழுதிப் போவது, கையிலிருக்கும் ஐந்து உளிகளில் நான்கைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வேலை செய்வதற்கு ஒப்பாகும். என் கணிப்பில், வடிவ வருணனை தட்டையாகிப் போவதற்கு 'இருந்தது' என்ற சொல்லே முதற்காரணம்.

பேச்சுவழக்கிலுள்ள நுண்ணிய சொற்களையும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். உலோகப் பாத்திரத்தில் விழுவது ஒடுக்கு அல்லது சொட்டை; தகட்டில் உண்டாவது நெளிசல்; மரத்தில் நீட்டிக்கொண்டிருப்பது சிம்பு; வெட்டிய விளிம்பில் நிற்பது பிசிறு; கிளை இரண்டாகப் பிரியும் இடம் கவை; தண்டில் தடித்து நிற்கும் இடம் கணு. 'சேதமடைந்த பாத்திரம்' என்பது கணக்கேட்டில் எழுதும் குறிப்பு. 'ஒடுக்கு விழுந்த பாத்திரம்' என்பதில் அது கீழே விழுந்த ஓசையும் கேட்கிறது.

வடிவத்தை நிகழ்ச்சியாக எழுதும் இந்த முறை மிகப் பழையது. ஜெர்மானியத் திறனாய்வாளர் லெஸ்ஸிங் 1766-இல் வெளியிட்ட 'லாவோகோன்' என்னும் நூலில் இதை விரிவாகப் பேசுகிறார். ஓவியம் இடத்தில் விரிகிறது, கவிதையோ காலத்தில் நகர்கிறது. எனவே உடல்களையும் பொருள்களையும் செயல்களின் வழியாகக் காட்டுவதே கவிதைக்கு இயல்பு என்பது அவர் வாதம். அதற்கு அவர் காட்டும் சான்று, பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியத் காவியத்தில் பதினெட்டாம் பகுதியில் வரும், வீரன் அக்கிலீசின் கேடயம். முடிந்துபோன கேடயத்தை ஹோமர் நம்முன் வைப்பதில்லை. கொல்லுலைத் தெய்வம் அதை அடித்து உருவாக்குவதைக் காட்டுகிறார். சம்மட்டி ஒவ்வோரிடமாக நகர நகர, கேடயம் நம் கண்முன் உருக்கொள்கிறது.

ஒரு காகிதம்

இதைச் சிறிய பொருள் ஒன்றில் செய்து பார்க்கலாம். முதல் வரைவில் இப்படி எழுதியிருக்கிறோம் என்று கொள்வோம்:

'மேசைமேல் உருண்டையாகக் கசக்கப்பட்ட கடிதம் ஒன்று இருந்தது.'

பிழையில்லாத வாக்கியம். ஆனால் 'உருண்டை' என்பது பொய். கசக்கிய காகிதம் உருண்டையாக இருப்பதில்லை. அதில் ஒழுங்கற்ற முகங்கள் இருக்கின்றன, முகங்கள் சந்திக்கும் இடங்களில் வரம்புகள் எழுகின்றன, சில இடங்களில் முனைகள் குத்திக்கொண்டு நிற்கின்றன. அதைவிட முக்கியமாக, அது ஓய்வில் இருப்பதில்லை. கையை விட்ட பிறகும் சிறிது நேரம் மெல்லிய சரசரப்போடு நெகிழ்ந்துகொண்டே இருக்கும். ஒரு தாளைக் கசக்கி மேசைமேல் வைத்து, அமைதியாக அமர்ந்து பார்த்தால் இது தெரியும். பார்த்தபின் எழுதியது:

'கைப்பிடிக்குள் நசுங்கிய கடிதம் மேசைமேல் விழுந்தபோது முட்டிக்கை அளவே இருந்தது. சற்று நேரத்தில் ஒரு மடிப்பு நெகிழ்ந்தது. பிறகு மற்றொன்று. உள்ளே மாட்டியிருந்த மூலை மெல்ல வெளியே நீண்டு நின்றது. அதில் அவள் பெயரின் கடைசி எழுத்து இருந்தது.'

இரண்டாம் வரைவில் வடிவத்தைப் பெயரிட்டுச் சொல்லும் பெயரடை ஒன்றுகூட இல்லை. நசுங்கிய, நெகிழ்ந்தது, நீண்டு நின்றது என்ற வினைகள்தான் வேலை செய்கின்றன. அளவுக்கு 'முட்டிக்கை' வந்திருப்பதையும் பாருங்கள். இத்தனை சென்டிமீட்டர் என்று சொல்வதைவிட விரற்கடை, சாண், முழம், இடுப்பளவு, ஆளுயரம் என உடலால் அளப்பது கதைக்குள் நன்றாகப் பொருந்துகிறது. அதிலும் கடிதத்தைக் கசக்கிய அதே கையால் அளந்தது, சினத்தை இன்னொரு முறை சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

உவமையைக் கையாளுதல்

தொல்காப்பிய உவமவியலின் முதல் நூற்பா, உவமை பிறக்கும் வழிகளை நான்காக வகுக்கிறது: 'வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்.' இங்கே 'மெய்' என்பது வடிவம், 'உரு' என்பது நிறம். எழுதுகிறவருக்கு இந்தப் பகுப்பு இன்றும் பயன்படுகிறது. உங்கள் உவமை ஒன்று மனத்தில் பதியாமல் நழுவினால், அது நான்கில் எதன்மேல் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 'அவன் கை வேர்போல இருந்தது' என்பதில் பின்னிக்கிடக்கும் வடிவமா, பற்றிக்கொள்ளும் வினையா, மண்ணின் நிறமா என்பது தெளிவில்லை. 'மண் அரித்துப்போன கரையில் வெளியே தெரியும் வேர்போல, புறங்கையில் நரம்புகள் எழுந்து நின்றன' என்றால் மெய்யுவமம் உறுதிப்படுகிறது. கூடவே அரிப்பு என்ற வினையும் வந்து, முதுமையைச் சொல்லாமலே சொல்கிறது.

மெய்யுவமத்துக்கு இலக்கண நூல்கள் வழக்கமாகத் தரும் எடுத்துக்காட்டு 'துடியிடை'. துடி என்பது இரு புறமும் அகன்று நடுவே ஒடுங்கிய சிறு பறை. அந்தப் பறையைக் கண்ணால் கண்டு, இடையையும் கண்டு, இரண்டையும் முதன்முதலாக இணைத்தவர் பெரும் கண்டுபிடிப்பாளர். பின்வந்த நாம் பறையைப் பார்க்காமலே சொல்லை எடுத்துக்கொண்டோம். பிறைநுதல், வேல்விழி, வில்புருவம் எல்லாமே இந்த நிலைக்கு வந்துவிட்டன. அவை ஒரு மரபை நினைவூட்டுகின்றனவே தவிர, ஒரு முகத்தைக் காட்டுவதில்லை. அம்மரபை வேண்டுமென்றே தொடும் இடம் நீங்கலாக, இத்தொகைகளைத் தவிர்ப்பதே நல்லது. அவற்றை உண்டாக்கியவர்கள் செய்ததைச் செய்யுங்கள். அவர்கள் செய்து வைத்ததை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு வடிவத்துக்கு ஓர் உவமை போதும். இரண்டாம் உவமை வந்தவுடன் முதலாவது மங்கத் தொடங்குகிறது. ஒரே பத்தியில் 'போல' மூன்று முறை வந்துவிட்டால், ஒன்றை வினையாக மாற்றுங்கள்: 'கூரை முதுகுபோலக் கூனியிருந்தது' என்பதைவிடக் 'கூரை கூனிவிட்டது' என்பது குறுகியது, வலிமையும் கூடியது.

பார்ப்பவர் யார்

கையை முழுதாக நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு இடம்தான், ஏறத்தாழ இரண்டு பாகை, ஒரே நேரத்தில் நம் கண்ணுக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது. மற்றவற்றைக் கண் தாவித் தாவிச் சேகரிக்கிறது. எங்கே தாவும் என்பதை மனமே முடிவு செய்கிறது. ஆகவே வருணனையின் வரிசை என்பது பாத்திரத்தின் மனம்தான். மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக ஒழுங்காக எழுதப்பட்ட வருணனையில் பார்ப்பவர் என்று ஒருவர் இருப்பதில்லை.

படுக்கையில் ஒரு தலையணை. அதன் நடுவே ஒரு குழிவு. அறையைச் சுத்தம் செய்ய வந்தவருக்கு அது தட்டிச் சரிசெய்ய வேண்டிய மேடுபள்ளம். குழந்தைக்குக் கோலிக்குண்டு உருண்டுபோய் நிற்கும் பள்ளம். அங்கே படுத்திருந்தவரை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தவரோ, குழிவு சுவர்ப்பக்கமாகச் சற்று ஆழ்ந்திருப்பதைப் பார்ப்பார். அவர் எப்போதும் அந்தப் பக்கம் திரும்பித்தான் உறங்குவார் என்பது நினைவுக்கு வரும். தலையணையைத் தொடாமல் போர்வையை மட்டும் மடித்து வைப்பார். மூவரும் கண்டது ஒரே வடிவம். மூன்றாமவரின் பார்வையை எழுதும்போது 'துயரம்' என்ற சொல் தேவைப்படவே இல்லை.

தொழிலும் கண்ணைப் பழக்கிவிடுகிறது. கொத்தனார் ஒருவர் சுவரைப் பார்த்தால் மனத்துக்குள் தூக்குக்குண்டு ஒன்று தொங்கும். தளத்தைப் பார்த்தால் தண்ணீர் ஓட வாட்டம் இருக்கிறதா என்றே பார்ப்பார். தையற்காரருக்கு எதிரே வருபவரின் ஒரு தோள் மற்றொன்றைவிடச் சற்று இறங்கியிருப்பது முதலில் தெரியும். வடிவியல் சொற்களுக்கு இத்தகைய இடங்களில் முழு உரிமை உண்டு. 'செங்கோணம்', 'விட்டம்', 'இணைகோடு' ஆகியவை பொதுவான கதைசொல்லியின் வாயில் வறண்டு நிற்கும். மூலைமட்டத்தைக் கையில் வைத்திருப்பவரின் வாயில் அவை வாழ்ந்த சொற்களாக ஒலிக்கும்.

ஒலியும் வாக்கியமும்

வடிவத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு வெறும் கவிஞர் கற்பனையாகத் தெரியவில்லை. உளவியலாளர் கோலர் 1929-இல், முனைகள் நிறைந்த உருவம் ஒன்றையும் வளைவுகளாலான உருவம் ஒன்றையும் காட்டி, பொருளற்ற இரு சொற்களை அவற்றோடு பொருத்தச் சொல்வதைப் பற்றி எழுதினார். 2001-இல் ஆய்வாளர்கள் ராமச்சந்திரனும் ஹப்பர்டும் 'கிகி', 'பூபா' என்ற சொற்களோடு இதைப் பற்றி எழுதியபோது, அமெரிக்க மாணவர்களோடு தமிழ் பேசுவோரும் அதில் இடம்பெற்றிருந்தார்கள். மிகப் பெரும்பாலோர் முனைகள் உள்ளதைக் 'கிகி' என்றும், வளைவானதைப் 'பூபா' என்றும் பொருத்தினார்கள். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று எழுத்துகளையே தொடுபுலன் சார்ந்து வகுத்துவைத்த மொழியினருக்கு இது வியப்பாக இராது. கரடுமுரடான பாறையை எழுதும் வாக்கியத்தில் ட்ட, க்க, ற்ற என இரட்டிக்கும் வல்லெழுத்துகள் தாமாக வந்து அமர்ந்தால் விலக்காதீர்கள். நீரால் தேய்ந்த கூழாங்கல்லை எழுதும்போது ழ, ள, வ, ய குழைந்து வரட்டும். வலிந்து தேடிச் சேர்த்தால் மட்டும் அது விளையாட்டாகிவிடும்.

வாக்கிய அமைப்பில் நாம் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தமிழில் எச்சங்கள் முன்னே வந்து பெயர் பின்னே வருவதால், 'வளைந்து நெளிந்து குறுகி இருண்டு நீண்ட' என்று படித்துக்கொண்டு வருபவர், அது பாதையா, ஆறா, பாம்பா, தாழ்வாரமா என்று தெரியாமலே ஐந்து வடிவங்களைக் கையில் ஏந்தி நிற்க வேண்டியிருக்கிறது. பெயரை முதலில் கொடுத்துவிட்டால் அந்தச் சுமை இறங்கிவிடும்: 'தாழ்வாரம் முதல் தூணைக் கடந்ததும் இடப்புறம் வளைந்தது; அதற்கப்பால் ஒருவர் மட்டும் நடக்கும் அளவுக்குக் குறுகி, கடைசிக் கதவுவரை இருண்டு நீண்டது.' இங்கே வாசகர் தாழ்வாரத்துக்குள் நடக்கிறார். பொருள் இன்னதென்று தெரியாமல் இருப்பதே காட்சியின் நோக்கமாக இருந்தால், எச்சங்களை முன்னே அடுக்கிப் பெயரைக் கடைசியில் வைக்கலாம். இருட்டில் எதன்மீதோ கைபட்டுத் தடவித் தெரிந்துகொள்ளும் காட்சிக்கு அதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது.

திருத்தும்போது

வரைவு முடிந்தபின் 'ஆன' என்று முடியும் வடிவப் பெயரடைகளை அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே, இது எப்படி இந்த வடிவத்துக்கு வந்தது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால், அந்த வரியிலுள்ள வினை பெயரடையின் இடத்துக்கு வந்துவிடலாம். எழுத முடியவில்லை என்றால் அந்தப் பொருளை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. திரும்பிப் போய்ப் பாருங்கள், அல்லது அந்த வருணனையையே நீக்கிவிடுங்கள். கதையில் வரும் எல்லாப் பொருளுக்கும் வடிவம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாரும் தொடாத, யாரையும் தடுக்காத பொருள் பெயரளவில் நின்றால் போதும்.

இன்னொரு சோதனையும் உண்டு; நான் மிகவும் நம்புவது இதைத்தான். நீங்கள் எழுதிய பத்தியை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, படித்ததை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். அவருக்கு வரையத் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. அருகில் அமர்ந்து, எதையும் விளக்காமல், பென்சிலை மட்டும் கவனியுங்கள். அவர் வரைந்து முடித்த படம் உங்கள் மனத்திலுள்ளதைப் போல இருக்க வேண்டியதில்லை. அதைக் கொண்டு எதையும் திருத்தவும் வேண்டாம். பென்சில் எந்தச் சொல்லுக்கு வந்ததும் தாளைவிட்டு எழுந்து நின்றது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றி எழுத வேண்டியது அந்தச் சொல்லைத்தான்.